மாதப்பன் சர்நேம் ஆகுமா?

கேள்வி: ஐயா, என் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். இப்போது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை. மருமகளுக்கு ஏழாம் மாதம். குழந்தைக்குக் குடும்பப் பெயர் என்ன என்று அங்கே இப்போதே கேட்கிறார்களாம். மகனுடைய பாஸ்போர்ட்டில் அவன் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன. சர்நேம் என்ற கட்டம் காலி. என் வீட்டுக்காரர் பெயர் மாதப்பன். அதையே போட்டுக்கொள் என்றால், "பட்டிக்காட்டுப் பேரு, இங்க சிரிப்பாங்க" என்கிறான். சாதிப் பெயரைப் போடலாம் என்கிறார் சம்பந்தி. ஊர்ப் பெயரைப் போடலாம் என்கிறாள் மருமகள். பையன் பிறந்தால் ரியான்ஷ் என்று வைக்க இன்டர்நெட்டில் பார்த்து வைத்திருக்கிறார்கள். சூரியனின் முதல் கதிர் என்று அர்த்தமாம். நமக்கென்று சர்நேம் இல்லாதது ஒரு குறையா? எதைத்தான் போடுவது?

மாதப்பன் சம்சாரம், காவேரிப்பட்டணம் பக்கம்.

பதில்:

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இருந்த மற்ற பெயர்களை எடுத்துவிட்டேன். மாதப்பனை மட்டும் விட்டுவைத்தேன். காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டில் நின்று "மாதப்பா" என்று குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் உங்கள் வீட்டுக்காரர் எவர் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். மாதப்பன் தாராளமாகச் சர்நேம் ஆகலாம். நீங்கள் எழுதிய மூன்றில் எனக்குப் பிடித்ததும் அதுதான். ஊர்ப் பெயர் மோசமில்லை. சாதிப் பெயர் வேண்டவே வேண்டாம். ரியான்ஷுக்குக் கடைசியில் வருகிறேன்.

சிரிப்பார்கள் என்று மகன் சொன்னாரே, அங்கிருந்து தொடங்குவோம். அவர் ஆபீஸில் ம்யூலர் என்று ஒருவராவது கட்டாயம் இருப்பார். ஜெர்மனியில் அதிகம் பேருக்கு இருக்கும் சர்நேம் அது. அதற்கு மாவு அரைக்கிறவர் என்று பொருள். ஷ்மிட் என்றால் கொல்லர். பௌவர் என்றால் விவசாயி. க்ளைன் என்றால் சின்னவன், நம் கணக்கில் சின்னப்பன். க்ரோஸ் என்றால் பெரியவன், பெரியசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷ்வார்ட்ஸ் என்றால் கருப்பன். ஃபுக்ஸ் என்றால் நரி. ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஜெர்மன் பட்டிக்காட்டில் குள்ளமாக ஒருத்தர் இருந்தார், கறுப்பு முடியோடு ஒருத்தர் இருந்தார், தந்திரக்காரர் ஒருத்தர் இருந்தார். அக்கம்பக்கத்தார் வைத்த பட்டப்பெயர் அப்படியே பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அந்தப் பேரன்மார் கோட்டு போட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நரி என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர் மாதப்பனைப் பார்த்துச் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

மாதப்பனின் வம்சாவளியோ பெரிய இடம். மகாதேவன் பேச்சுவழக்கில் மாதேவன் ஆனான், மாதேஸ்வரன் ஆனான், அப்பன் சேர்ந்து மாதப்பன் ஆனான். மேட்டூர், பாலாறு தாண்டி, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் மலைமேல் உட்கார்ந்திருக்கும் புலிவாகனச் சாமி. தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை அங்கே போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதேஷ், மாதையன், மாது, மாதம்மாள் எல்லாம் அந்த மலையிலிருந்து இறங்கி வந்த பெயர்கள்தான். மும்பைக்காரர் ஒருவர் மகாதேவ் என்று சர்நேம் வைத்திருந்தால் உங்கள் மகனுக்கு அது ஸ்டைலாகத் தெரியும். இதுவும் அதே பெயர்தான், நம் செம்மண் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு ஒரு பாகப்பிரிவினை வழக்கில் வயதான அம்மா ஒருவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தோம். புருஷன் பெயர் என்ன என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காலத்து மனுஷி, புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்புகிறவர். மறுபடியும் கேட்டபோது கையை மேற்கே நீட்டி, "மலைமேல இருக்காரே, புலிமேல ஏறி வருவாரே, அவரு பேருதானுங்க" என்றார். கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல்கூட ஆட்சேபிக்கவில்லை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த டைப்பிஸ்ட் மட்டும் விழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் "மாதப்பன்னு அடிங்க" என்றார்.

சரி, சர்நேம் இல்லாதது குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். குறை என்று எனக்குத் தோன்றவில்லை. நம்முடையது வேறு வழி. உலகத்தில் அப்பன் பெயரைப் பிள்ளை சுமக்காத இடம் குறைவு. சில ஊரில் அது ஓடுகிற தண்ணீர். அப்பன் மாற மாற பெயரும் மாறும். சில ஊரில் ஏதோ ஒரு தாத்தாவிடம் வந்து பனிக்கட்டியாக உறைந்துபோயிருக்கும். நம் இனிஷியல் ஓடுகிற தண்ணீர்.

ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு இன்றும் இப்படித்தான். எய்னார் என்பவரின் மகன் யோன் என்றால் யோன் எய்னார்சன். அந்த யோனுக்குப் பிறக்கும் பையன் யோன்சன், பெண் யோன்ஸ்டோட்டிர். ஒரே வீட்டில் அப்பா, அம்மா, பையன், பெண் நாலு பேருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறு. டெலிபோன் டைரக்டரியில்கூட ஆளின் சொந்தப் பெயரை வைத்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். 1980-ல் அங்கே ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் பெயரைப் பிரித்தால், ஃபின்போகியின் மகள் விக்டிஸ். இங்கே என்றால் ஃபி. விக்டிஸ் என்று கையெழுத்துப் போட்டிருப்பார். எத்தியோப்பியாவிலும் அதே கதை. 2019-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய பிரதமர் அபி அகமதுவின் பெயரில் இருக்கும் அகமது குடும்பப் பெயர் இல்லை, அவருடைய அப்பா.

உறைந்த பெயர்களும் ஒரு காலத்தில் ஓடியவைதான். வேல்ஸ் நாட்டில் 'ஆப்' என்றால் மகன். ரீஸின் மகன் 'ஆப் ரீஸ்'. ஹவலின் மகன் 'ஆப் ஹவல்'. இங்கிலாந்து வழக்கப்படி நிரந்தரக் குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆனபோது ஆப் ரீஸ் உறைந்து ப்ரைஸ் ஆனது, ஆப் ஹவல் பவல் ஆனது. உங்கள் மகன் இப்போது நிற்கும் இடத்தில்தான் அந்த வேல்ஸ்காரர்கள் நின்றார்கள். நம் இனிஷியலும் ஒருநாள் யாரோ ஒருவர் பாஸ்போர்ட்டில் உறையத்தான் போகிறது. எந்தத் தாத்தாவிடம் உறைவது என்று முடிவு செய்யும் வாய்ப்பு உங்கள் வீட்டுக்கு இப்போது வந்திருக்கிறது.

பல நாடுகளில் ஜனங்களுக்கு அந்த வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை, சர்க்காரே உறைய வைத்தது. ஜப்பானில் 1875-ல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அங்கே பரவலாக இருக்கும் தனகா என்ற பெயருக்கு வயல் நடுவே என்று அர்த்தம். வயல் நடுவே குடியிருந்தவர் வேறு என்ன பெயர் வைத்துக்கொள்வார்? துருக்கியில் 1934-ல் சர்நேம் சட்டம் போட்டார்கள். முஸ்தபா கெமாலுக்கு, துருக்கியரின் தந்தை என்று பொருள்படும் அதாதுர்க் என்ற பெயரைப் பாராளுமன்றமே கொடுத்தது. வரி வாங்கவும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் சர்க்காருக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டும். இன்றைக்கு அந்த வேலையை விசா கவுன்டர் செய்கிறது.

நம் ஆட்கள் விசா கவுன்டரில் படுகிற பாடு எனக்கு நன்றாகத் தெரியும். பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைத் தூக்கிச் சர்நேம் இடத்தில் வைத்துவிட்டு, சொந்தப் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன் ஒருவனை அங்கே ஆறு மாதம் "எஃப்னு" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். அவனும் போகட்டும் என்று திரும்பிப் பார்த்திருக்கிறான்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தபோது, என் போன் இரண்டு நாள் ஓயவில்லை. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள்.

இப்போது சம்பந்தி யோசனைக்கு வருகிறேன். அவரை நான் குறை சொல்லவில்லை, வடக்கே எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று நினைத்திருப்பார். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மெல்ல மெல்ல உதிர்ந்ததுதான் அந்த வால். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது. உதிர்ந்ததை எடுத்து ஸ்டுட்கார்ட்டில் பிறக்கப்போகும் குழந்தைக்கு எதற்கு ஒட்ட வேண்டும்?

"ஜெர்மன்காரர்கள் தொழில் பெயரை வைத்திருக்கிறார்களே, அது மட்டும் சரியா?" என்று சம்பந்தி கேட்கலாம். நியாயமான கேள்வி. கார் பந்தயத்தில் ஏழு முறை உலக சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கரின் சர்நேமுக்குச் செருப்புத் தைப்பவர் என்று பொருள். அந்தப் பெயரைக் கேட்டு அங்கே யாரும் அவருக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கவில்லை, பெண் கொடுக்க யோசிக்கவில்லை. தொழில் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் ஊரில் தொழில் போனாலும் அந்தப் பெயர் சும்மா நிற்பதில்லை. அது எந்தத் தெரு, யார் வீட்டில் சாப்பிடலாம், யாரைக் கட்டலாம் என்பது வரைக்கும் பேசுகிறது. ஸ்டுட்கார்ட்டில் ஜெர்மன்காரருக்கு அது புரியாமல் இருக்கலாம். அங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு நன்றாகவே புரியும்.

ஊர்ப் பெயர் என்று மருமகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சங்கப் புலவர் ஒருவரின் பெயர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். மதுரை ஊர், அறுவை வாணிகன் என்றால் துணி வியாபாரி, இளவேட்டன் சொந்தப் பெயர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊர், வாத்தியாரான அப்பா, அப்புறம் பிள்ளை. நான் தினமும் எழுதுகிற கிரையப் பத்திரத்தின் முதல் வரியும் இதே வரிசைதான்: இன்ன வட்டம், இன்ன கிராமத்தில் வசிக்கும் இன்னார் குமாரர் இன்னார். இந்த வழக்கம் சங்க காலத்திலிருந்து அறுந்துபோகாமல் பத்திர ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். இனிஷியல் என்பது அந்த நீளப் பெயரை வெள்ளைக்காரன் காலத்து ரிஜிஸ்டரில் அடைக்கச் சுருக்கியது, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரே ஒரு ஆளின் பெயராக இருப்பதும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரியில் மூலைக்கு மூலை கொட்டாய் இருக்கிறது. காட்டில் முதலில் போய்க் கொட்டகை போட்டவர் பெயரில்தான் அது நிற்கும். இன்னான் கொட்டாய் என்றுதான் பஸ் கண்டக்டரும் டிக்கெட் கிழிப்பார். இங்கிலாந்தில் டர்ஹம் பக்கம் வாசா என்று ஒரு ஆள். அவரைச் சேர்ந்தவர்களின் பண்ணை வாஷிங்டன் என்று ஆனது. அந்த ஊர் ஒரு குடும்பத்துக்குச் சர்நேம் ஆனது. அந்தக் குடும்பத்தில் வந்தவர் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஆனார், அவர் பெயரில் தலைநகரமே எழும்பியது. நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் அமெரிக்காவின் தலைநகரம் வாசா கொட்டாய். அடுத்த தடவை மகன் பட்டிக்காடு என்று சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஆனாலும் காவேரிப்பட்டணத்தைச் சர்நேமாகப் போட நான் யோசிப்பேன். ஆங்கிலத்தில் பதினாலு எழுத்து. பாதிப் படிவத்தில் கட்டம் போதாது. அதைவிட, மகன் பாஸ்போர்ட்டில் ஏற்கனவே மாதப்பன் இருக்கிறது, கட்டம்தான் மாறியிருக்கிறது. இருக்கிறதை இடம் மாற்றுவது லேசு. இல்லாத புதுப் பெயரைச் சேர்ப்பதென்றால் கெசட், விளம்பரம், பிரமாணப் பத்திரம் என்று இழுக்கும்.

செய்ய வேண்டியதை மகனுக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள். அங்கே பிறப்பு, திருமணம் எல்லாம் பதிகிற அலுவலகத்துக்கு ஸ்டாண்டஸாம்ட் என்று பெயர். இப்போதே, குழந்தை பிறப்பதற்கு முன்பே, தன்னுடைய பாஸ்போர்ட்டையும் மனைவி பாஸ்போர்ட்டையும் திருமணச் சான்றையும் காட்டி, குழந்தை பெயரை எப்படிப் பதிவீர்கள் என்று மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்கட்டும். வாய்ப்பேச்சு உதவாது. அங்கே பிறப்பை ஒரு வாரத்துக்குள் அறிவித்தாக வேண்டும். சொந்தப் பெயர் முடிவாகவில்லை என்றால் அதற்கு மட்டும் ஒரு மாதம் விடுவார்கள். நம் ஊர் மாதிரி இல்லை. இங்கே பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிந்துவிட்டு, பன்னிரண்டு மாதம் வரை கட்டணம் இல்லாமலும், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வருடம் வரைக்கும் பெயரைச் சேர்க்கலாம். முதல் பிறந்தநாள் கேக் வெட்டுகிறபோதும் பாப்பாவாகவே இருக்கிற குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, மாதப்பனைச் சர்நேம் கட்டத்துக்கு நகர்த்தட்டும். ஆனால் அதைப் பிரசவத்தோடு சேர்த்துப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பாஸ்போர்ட் மாறினால் அங்கே தங்கும் அனுமதி அட்டை, பேங்க், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். ஸ்டாண்டஸாம்ட் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துவிட்டு எது முன்னே, எது பின்னே என்று முடிவு செய்யலாம். அப்பாவும் அம்மாவும் இந்தியக் குடிமக்கள் என்றால், குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நம் பழக்கத்தில் குழந்தைக்கு உங்கள் மகன் பெயரைத்தான் இனிஷியலாகப் போடுவோம். சர்நேம் என்று போகும்போது அப்படிப் போடக் கூடாது; மாதப்பன்தான் குழந்தைக்கும். இல்லையென்றால் அப்பாவுக்கு மாதப்பன், அம்மாவுக்கு அவர் அப்பா பெயர், குழந்தைக்கு மூன்றாவதாக ஒன்று என்று ஏர்போர்ட்டில் மூன்று சர்நேமோடு ஒரு குடும்பம் நிற்கும். ஐஸ்லாந்துக்காரருக்குப் புரியும், மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். மருமகள் தன் பெயரை மாற்ற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவர் அப்பா பெயரையும் பேரப்பிள்ளை சுமக்க வேண்டும் என்று சம்பந்தி ஆசைப்பட்டால் அதற்கும் வழி இருக்கிறது. ஸ்பெயினில் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு சர்நேம். டென்னிஸ் ரஃபேல் நடாலின் முழுப் பெயர் ரஃபேல் நடால் பரேரா, நடால் அப்பா வீடு, பரேரா அம்மா வீடு. ஜெர்மனியிலும் 2025 மே 1 முதல் குழந்தைக்கு அப்படி இரட்டைப் பெயர் வைக்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அந்த மெயிலிலேயே கேட்கட்டும்.

சரி, ரியான்ஷ். இதன் பின்பாதி வடமொழி அம்சம், கூறு என்று அர்த்தம். சிவான்ஷ் என்றால் சிவனின் கூறு, சரி. முன்பாதிக்கு நான் புரட்டிய எந்த அகராதியிலும் சூரியனும் இல்லை, கதிரும் இல்லை. கேட்க அழகாக இருக்கும் இரண்டு துண்டை ஒட்டிவிட்டு அர்த்தத்தை அப்புறம் எழுதிக்கொள்கிறார்கள். வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடித்திருந்தால் வையுங்கள், அந்த அர்த்தத்தை நம்பி வைக்காதீர்கள்.

அர்த்தம் என்பதே பெயரில் ஓரளவுக்குத்தான். நம் தகடூர் அதியமானின் பெயரையே பாருங்கள். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கண்டெடுத்த பிராமிக் கல்வெட்டில் "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்று இருக்கிறது, அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று பொருள். ஸதியபுதோ, அசோகர் கல்வெட்டிலும் வருகிற பட்டம். அதியன் குலம், நெடுமான் சிறப்புப் பெயர். கடைசியில் இருக்கும் அஞ்சிதான் ஆளின் சொந்தப் பெயர். இன்றைய காதுக்கு அஞ்சி என்றால் பயந்து என்று கேட்கும். அப்படிப் பெயர் வைத்திருந்தவர் எப்பேர்ப்பட்ட வீரர், கிடைத்த நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவர். பெயருக்கு அவர் அர்த்தம் கொடுத்தார், பெயர் அவருக்குக் கொடுக்கவில்லை.

நேர்மாறாக, அர்த்தம் பட்டவர்த்தனமாகத் தெரிகிற பெயர்களில்தான் கொடுமை அதிகம். குப்பன், குப்பம்மாள், பிச்சை எல்லாம் பிள்ளை தங்க வேண்டும் என்று பயந்து வைத்தவை. மங்கோலியாவிலும் கெட்ட ஆவி தேடி வரக் கூடாது என்று நெர்குய் என வைப்பார்கள், பெயரில்லை என்று அர்த்தம். அதில் ஒரு பாசம் இருக்கிறது. போதும்பொண்ணு என்ற பெயரில் என்ன இருக்கிறது? அதை மாற்றிக்கொள்ள என்னிடம் வந்த ஒரு பெண், "கையெழுத்துப் போடறப்பல்லாம் எங்கப்பா சலிச்சுக்கறது கேக்குதுங்க" என்றார். எண் கணிதக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு எழுத்தைக் கூட்ட வருகிறவர்களிடம் நான் கூசாமல் ஃபீஸ் வாங்குவேன், அன்றைக்கு வாங்க மனம் வரவில்லை.

எந்தப் பெயர் வைத்தாலும் அங்கே எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒருமுறை ஜெர்மன்காரர் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஜே எழுத்தை அவர்கள் ய என்று வாசிப்பார்கள். ஜெயன் யேயன் ஆகிவிடுவான். இசட் அங்கே ட்ஸ. நாம் ழகரத்துக்குப் போடும் இசட்-ஹெச் அவர்கள் வாயில் படாத பாடு படும். எழினி மாதிரி அருமையான தகடூர்ப் பெயரும் இந்த ஒரு காரணத்தால் அங்கே கஷ்டப்படும். மாதப்பனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் த-வுக்கு ஹெச் உண்டா இல்லையா என்று இப்போதே முடிவு செய்து, மகன் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துப் பிசகாமல் அப்படியே குழந்தைக்கும் எழுதட்டும். மாது (எ) மாதப்பன் என்று பட்டாவில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டு, ஒரே நபர் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ் நடக்கிற கூட்டம் இங்கே போதும்.

உங்கள் வீட்டுக்காரர் பெயரையே பேரனுக்குச் சொந்தப் பெயராக வைக்கும் ஆசை உங்களுக்கு உள்ளூர இருக்கும் என்று நினைக்கிறேன். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான், தாத்தா பெயரைக் கொண்டவன். சங்கப் பாட்டு ஒன்றில் தளர்நடை போட்டுச் சிறுதேர் உருட்டும் பையனைத் 'தந்தை பெயரன்' என்கிறார்கள், அவன் அப்பா அந்த நடையைப் பார்த்துப் பூரித்துப்போகிறான். கிரேக்க நாட்டிலும் மூத்த பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர்தான் வழக்கம். நைஜீரியாவின் யொரூபா மக்கள் தாத்தா இறந்த பிறகு பிறக்கும் பையனுக்குப் பாபாதுண்டே என்று வைப்பார்கள். அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். சர்நேமில் மாதப்பன் வந்துவிட்டால் இங்கே அந்தக் கடன் தீர்ந்தது. சொந்தப் பெயரைப் பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள். மாமனார் பெயரைச் சொல்லி மருமகள் எப்படித் திட்டுவாள் என்ற சங்கடமும் இல்லை.

இன்னொன்று. பர்மாவில் சர்நேமே கிடையாது. அங்கே ஆங் சான் சூ கீ என்ற பெயரில் ஆங் சான் அவருடைய அப்பா, சூ அப்பாவைப் பெற்ற பாட்டி, கீ அம்மா பெயரிலிருந்து வந்தது. உங்கள் மகன் வீட்டில் பிறப்பது பெண்ணாகவும் இருக்கலாம், ஜெர்மனியில் சொந்தப் பெயர் ஒன்றுக்கு மேலேயும் வைக்கலாம். உங்கள் கடிதத்தில் மகன், மருமகள், சம்பந்தி, வீட்டுக்காரர் என்று எல்லோர் பெயரும் இருந்தது. கடைசியில் மாதப்பன் சம்சாரம் என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். மகனுக்கு இதை அனுப்பும்போது உங்கள் பெயரையும் ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று சேர்த்து எழுதி அனுப்புங்கள்.